கியர் கணக்கு: பல்லை எண்ணி வண்டியை அறிவோம்

கியர் வைத்த சைக்கிள் வாங்கிக் கொடுத்தால் பிள்ளை சிரமமில்லாமல் பள்ளிக்கூடம் போய் வருமா? மோட்டார் சைக்கிளில் முன் ஸ்பிராக்கெட்டை மாற்றினால் பெட்ரோல் மிச்சமாகுமா? மலைப்பாதையில் இறங்கும்போது நியூட்ரலில் விட்டால் என்ன தவறு? பலரும் கேட்கும் கேள்விகள் இவை. பார்வைக்கு மூன்றும் வெவ்வேறு. ஆனால் மூன்றுக்கும் விடை ஒரே கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்குக்குப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

கணக்கு தெரியாவிட்டால் கடைக்காரர் சொல்வதை நம்பியோ, நண்பர் சொல்வதை நம்பியோதான் பணத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். தெரிந்துவிட்டால் நம் தேவை என்ன, அதற்கு எது பொருந்தும் என்று நாமே முடிவு செய்யலாம். பெற்றோர்கள் இந்தப் பாடத்தைத் தாங்கள் படிப்பதோடு, பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து வீட்டிலுள்ள சைக்கிளிலேயே செய்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

பற்களை எண்ணுவோம்

சைக்கிளில் இரண்டு பற்சக்கரங்கள் உண்டு. பெடலோடு சேர்ந்து சுற்றுவது முன் பற்சக்கரம். பின் சக்கரத்தின் நடுவில் இருப்பது ஃப்ரீவீல். இரண்டையும் செயின் இணைக்கிறது. செயினின் ஒவ்வொரு கண்ணியும் ஒரு பல்லில் உட்காருகிறது. ஆகவே முன் சக்கரம் எத்தனை பற்கள் நகர்கிறதோ, பின் சக்கரமும் அத்தனை பற்கள் நகர்ந்தே ஆக வேண்டும். கியர் கணக்கின் அடிப்படை முழுவதும் இந்த ஒரு உண்மைதான்.

நம் ஊரில் ஓடும் சாதாரண பெரிய சைக்கிளை எடுத்துக்கொள்வோம். முன்னால் 44 பற்கள், பின்னால் 18 பற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் செயின் 44 பற்கள் தூரம் நகரும். பின்னால் 18 பற்களுக்கு ஒரு சுற்று. ஆகவே 44-ஐ 18-ஆல் வகுத்தால் 2.44. பெடல் ஒரு முறை சுற்றினால் பின் சக்கரம் 2.44 முறை சுற்றும். இதைத்தான் கியர் விகிதம் என்கிறோம்.

அடுத்து, சக்கரத்தின் சுற்றளவு தேவை. டயரில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு தரையைத் தொடும் இடத்தில் தரையிலும் ஒரு கோடு போடுங்கள். டயரிலுள்ள கோடு மறுபடி தரையைத் தொடும்வரை சைக்கிளை நேராகத் தள்ளி, அங்கும் ஒரு கோடு போட்டு, இரண்டு கோடுகளுக்கும் இடையே டேப்பால் அளங்கள். பெரிய சைக்கிளுக்குச் சுமார் 2.2 மீட்டர் வரும்.

2.44-ஐ 2.2-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 5.4 மீட்டர். ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி இவ்வளவு தூரம் போகும். அவசரமில்லாமல் ஓட்டுபவர் நிமிடத்துக்கு 60 சுற்று மிதிப்பார் என்று கொண்டால், மணிக்குச் சுமார் 19 கிலோமீட்டர் வேகம். பற்களை எண்ணியதிலிருந்தே வேகம் கிடைத்துவிட்டது.

சக்கரம் சிறியதான கதை

செயின் வருவதற்கு முன்பு, 1870-களில், முன் சக்கரம் மிகப் பெரிதாகவும் பின் சக்கரம் மிகச் சிறிதாகவும் இருந்த சைக்கிள் ஐரோப்பாவில் ஓடியது. பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள். பெடல் முன் சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்ததால் ஒரு மிதிக்கு ஒரே ஒரு சுற்றுதான். வேகம் வேண்டுமானால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. ஓட்டுபவரின் கால் நீளம்தான் அதற்கு எல்லை. அவ்வளவு உயரத்திலிருந்து தலைகுப்புற விழுந்து காயப்பட்டவர்கள் ஏராளம்.

1885-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்ற சைக்கிளை வெளியிட்டார். செயின் மூலம் பின் சக்கரத்தைச் சுற்ற வைத்ததால் சக்கரம் சிறியதாக இருந்தும் வேகம் கிடைத்தது. நமது 44-க்கு 18 சைக்கிளையே பாருங்கள். அதன் சக்கர விட்டத்தை 2.44-ஆல் பெருக்கினால் ஐந்தரை அடிக்கு மேல் வருகிறது. ஓர் ஆள் உயரச் சக்கரம் செய்ய வேண்டிய வேலையை, இரண்டு பற்சக்கரங்களும் ஒரு செயினும் இடுப்பளவுச் சக்கரத்தைக் கொண்டு செய்துவிடுகின்றன.

பற்களை எண்ணிச் சுற்றுகளைக் கணக்கிடும் கலை இதைவிட மிகப் பழையது. கி.பி. 1206-இல் அல் ஜஸரி எழுதி முடித்த இயந்திர நூலில் பற்சக்கரங்களால் இயங்கும் நீரேற்றும் கருவிகள் விளக்கப்பட்டுள்ளன. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து இஸ்ஃபஹானைச் சேர்ந்த முஹம்மத் பின் அபீபக்ர் செய்த அஸ்தர்லாப் கருவி, உள்ளே பற்சக்கரங்களை வைத்துப் பிறையின் வளர்ச்சி தேய்வைக் காட்டியது. அது ஆக்ஸ்போர்டு அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

கியர் பலத்தை உண்டாக்குமா?

உண்டாக்காது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ள விரும்புவோர் இதை வைத்துக்கொள்ளுங்கள். கியர் பலத்தைத் தூரமாகவும், தூரத்தைப் பலமாகவும் மாற்றித் தரும். புதிதாக எதையும் தராது.

கணக்கில் பார்ப்போம். ஆளும் சைக்கிளும் சாமானும் சேர்த்து 100 கிலோ. 100 மீட்டர் போனால் 5 மீட்டர் உயரும் ஒரு மேட்டில் ஏற வேண்டும். பெடல் கட்டையின் நீளம் 17 சென்டிமீட்டர். அப்படியானால் ஒரு சுற்றில் பாதம் போகும் தூரம் சுமார் 1.07 மீட்டர். உராய்வையும் காற்றையும் கணக்கில் சேர்க்கவில்லை.

சாதாரண சைக்கிளில் ஒரு சுற்றுக்கு 5.4 மீட்டர் முன்னேறுகிறோம். அதற்குள் 27 சென்டிமீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம். 100 கிலோவை 27 சென்டிமீட்டர் தூக்கும் வேலையைப் பாதம் 1.07 மீட்டர் தூரத்தில் செய்ய வேண்டும். ஆகவே சராசரியாக 25 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் கொடுக்க வேண்டும். மேடு முடிய 19 சுற்று.

கியர் சைக்கிளில் முன்னால் சிறிய சக்கரம் 24 பற்கள், பின்னால் பெரிய சக்கரம் 28 பற்கள் என்று வைத்தால் விகிதம் 0.86. 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். ஒரு சுற்றுக்கு 1.77 மீட்டர்தான் முன்னேறும். அழுத்தம் 8 கிலோ அளவுக்குக் குறைந்துவிடும். ஆனால் அதே மேடு முடிய 56 சுற்றுக்கு மேல் மிதிக்க வேண்டும்.

25-ஐ 19-ஆல் பெருக்கிப் பாருங்கள். 8.3-ஐ 56.5-ஆல் பெருக்கிப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. வேலை குறையவில்லை, சிறு சிறு தவணையாகப் பிரிந்திருக்கிறது. மொத்தக் கடனைத் தவணையில் அடைப்பதுபோல. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும், சிறு பிள்ளைகளுக்கும், சுமை ஏற்றிச் செல்பவர்களுக்கும் இந்தத் தவணை பெரிய உதவிதான். ஆனால் சிரமமே இருக்காது என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

21 கியர் என்றால் 21 தானா?

முன்னால் 3 சக்கரங்கள், பின்னால் 7 சக்கரங்கள் இருந்தால் 21 கியர் என்று விற்கிறார்கள். முன்னால் 42, 34, 24 பற்களும், பின்னால் 14, 16, 18, 20, 22, 24, 28 பற்களும் உள்ள ஓர் அமைப்பை எடுத்து எல்லா விகிதங்களையும் வகுத்துப் பார்த்தால் ஒரு செய்தி தெரியவரும்.

42-ஐ 28-ஆல் வகுத்தால் 1.5. 24-ஐ 16-ஆல் வகுத்தாலும் 1.5. 34-ஐ 22-ஆல் வகுத்தால் 1.55. பெயருக்கு மூன்று கியர்கள், காலுக்கு ஒன்றேதான். இதேபோல 1.75, 1.70, 1.71 என்று இன்னொரு மூன்று. 2.10-உம் 2.13-உம் ஒரு ஜோடி, 1.91-உம் 1.89-உம் ஒரு ஜோடி, 1.21-உம் 1.20-உம் ஒரு ஜோடி. இப்படி ஒன்றாக வருபவற்றைச் சேர்த்தால் 21-இல் உண்மையில் வேறுபடுபவை 14 தான். அவற்றிலும் முன் பெரியதோடு பின் பெரியதையும், முன் சிறியதோடு பின் சிறியதையும் சேர்த்து ஓட்டினால் செயின் சாய்வாக இழுபட்டு விரைவில் தேயும். அதனால் அவற்றையும் தவிர்ப்பது நல்லது.

ஆகவே கடையில் எத்தனை கியர் என்று மட்டும் கேட்க வேண்டாம். மிகக் கனமான கியரின் விகிதம் என்ன, மிக இலகுவான கியரின் விகிதம் என்ன என்று இரண்டை மட்டும் எண்ணிப் பாருங்கள். மேலே சொன்ன சைக்கிளில் அது 3.0-இலிருந்து 0.86 வரை. மலைப்பகுதியில் இருப்பவருக்கு இந்த அகலம் தேவை. சமதளமான ஊரில், 3 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பள்ளிக்குப் போகும் பிள்ளை இதில் பாதியைத் தொடவே மாட்டான். கம்பி, லீவர், நகரும் பற்சக்கரம் என்று பழுதாகும் பாகங்கள் மட்டும் கூடும்.

சமதள ஊரில் சுமை ஏற்றி வியாபாரம் செய்பவருக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றி 20 அல்லது 22 பல் ஃப்ரீவீல் போடுவது. 22 போட்டால் விகிதம் 2.0 ஆகும். காலில் விழும் அழுத்தம் 100-க்கு 18 பங்கு குறையும். வேகம் மணிக்கு 19 கிலோமீட்டரிலிருந்து 16-க்கு இறங்கும். மீன் கூடையோ காய்கறி மூட்டையோ கட்டிக்கொண்டு போகிறவருக்கு அந்த 3 கிலோமீட்டர் வேகம் பெரிய நஷ்டமல்ல. செயினில் கண்ணி போதாவிட்டால் சேர்க்க வேண்டிவரும். அதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மோட்டார் சைக்கிளில்

மோட்டார் சைக்கிளில் விகிதம் மூன்று இடங்களில் நடக்கிறது. இன்ஜினிலிருந்து கிளட்சுக்கு ஒன்று, கியர் பாக்ஸில் ஒன்று, கடைசியாக முன் ஸ்பிராக்கெட்டிலிருந்து பின் ஸ்பிராக்கெட்டுக்கு ஒன்று. மூன்றையும் பெருக்க வேண்டும்.

கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். முதல் குறைப்பு 3.5. கியர் பாக்ஸில் முதல் கியர் 3.2, நான்காம் கியர் 1.0. முன் ஸ்பிராக்கெட் 14 பற்கள், பின் ஸ்பிராக்கெட் 42 பற்கள், அதாவது 3.0. முதல் கியரில் மொத்தம் 33.6. நான்காம் கியரில் 10.5. சைக்கிளில் பெடல் ஒரு முறை சுற்றினால் சக்கரம் பல முறை சுற்றியது. இங்கே தலைகீழ். இன்ஜின் முதல் கியரில் 33.6 முறை சுற்றினால்தான் பின் சக்கரம் ஒரு முறை சுற்றும். இன்ஜினின் சிறிய பலத்தைப் பெருக்கி வண்டியை நகர்த்தவே இந்த ஏற்பாடு.

இன்ஜின் நிமிடத்துக்கு 4,200 சுற்று ஓடும்போது நான்காம் கியரில் சக்கரம் 400 சுற்று. டயரின் சுற்றளவு 1.875 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 750 மீட்டர், மணிக்கு 45 கிலோமீட்டர். முதல் கியரில் அதே 4,200 சுற்றுக்கு மணிக்கு 14 கிலோமீட்டர்தான்.

இப்போது மைலேஜுக்காக முன் ஸ்பிராக்கெட்டை 14-லிருந்து 15 ஆக்குகிறார்கள். கடைசி விகிதம் 3.0-இலிருந்து 2.8 ஆகிறது. அதே 45 கிலோமீட்டர் வேகத்துக்கு இன்ஜின் 3,920 சுற்று ஓடினால் போதும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாக் கியரிலும் இழுவை 15-இல் ஒரு பங்கு குறைந்துவிட்டது. தனியாக நீண்ட சமதளச் சாலையில் போகிறவருக்கு இது ஒத்துவரலாம். ஊருக்குள் சிலிண்டரோ, தண்ணீர் கேனோ, துணி மூட்டையோ ஏற்றி நூறு இடத்தில் நின்று கிளம்புகிறவருக்கு ஒத்துவராது. ஒவ்வொரு முறையும் கிளட்சைப் பாதி பிடித்தபடி ஆக்சிலேட்டரை அதிகம் முறுக்க வேண்டிவரும். நான்காம் கியரில் இழுக்காமல் மூன்றாம் கியருக்கு இறங்க வேண்டிவரும். மிச்சமாகும் என்று நினைத்த பெட்ரோல் அங்கேயே போய்விடும், கிளட்ச் தட்டும் சீக்கிரம் தேயும்.

எதிர்த்திசையிலும் இதே கணக்குதான். பின் ஸ்பிராக்கெட்டை 42-லிருந்து 45 ஆக்கினால் இழுவை கூடும். ஆனால் 45 கிலோமீட்டர் வேகத்துக்கு இன்ஜின் 4,500 சுற்று ஓட வேண்டும். முன்னால் ஒரு பல்லை மாற்றுவது பின்னால் ஏறத்தாழ மூன்று பற்களை மாற்றுவதற்குச் சமம் என்பதையும் இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். சில வண்டிகளில் ஸ்பீடோமீட்டருக்கான இணைப்பு கியர் பாக்ஸ் பக்கத்திலிருந்து வருகிறது. அத்தகைய வண்டியில் ஸ்பிராக்கெட்டை மாற்றினால் மீட்டர் தவறான வேகத்தைக் காட்டும். கம்பெனி கொடுத்த அளவிலேயே வைத்திருப்பது பெரும்பாலோருக்கு நல்லது.

ஒரு எச்சரிக்கை. பற்களை எண்ணுவதற்கோ, செயினைத் துடைப்பதற்கோ இன்ஜினை ஓடவிட்டு, ஸ்டாண்டில் சக்கரம் சுற்றும்போது விரலைக் கொண்டுபோகவே கூடாது. சாவியை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் தள்ளிச் சுற்றுங்கள். செயினுக்கும் பல்லுக்கும் இடையே விரல் போனால் துண்டாகிவிடும்.

மலையிலிருந்து இறங்கும்போது

ஏறும்போது கியர் என்ன செய்கிறது என்று பார்த்தோம். இறங்கும்போது அது செய்யும் வேலை உயிர் சம்பந்தப்பட்டது.

வால்பாறைச் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. சரக்கோடு 2,000 கிலோ எடையுள்ள ஒரு வேன் 500 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்குகிறது என்று கொள்வோம். ஏறும்போது பெட்ரோலோ டீசலோ செலவழித்துச் சேர்த்த சக்தி முழுவதும் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். பிரேக் மட்டுமே பிடித்து இறங்கினால் அது அனைத்தும் பிரேக்கில் வெப்பமாக மாறும். அந்த வெப்பம் சுமார் 33 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அவ்வளவு சூடும் சில கிலோ இரும்பில் இறங்கினால் என்ன ஆகும்? பிரேக் பிடிமானம் இழக்கும். மிதித்தாலும் வண்டி நிற்காது.

கீழ்க் கியரில் இறங்கினால் சக்கரம் இன்ஜினைச் சுற்ற வேண்டியிருக்கிறது. ஒரு சக்கரச் சுற்றுக்கு இன்ஜின் பல சுற்று சுற்ற வேண்டும். ஆக்சிலேட்டரை விட்டிருப்பதால் இன்ஜின் சுற்ற மறுத்துத் தடுக்கும். அந்தத் தடை கியர் விகிதத்தின் அளவுக்குப் பெருகிச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும். ஏறும்போது பலத்தைப் பெருக்கித் தந்த அதே பற்கள், இறங்கும்போது தடையைப் பெருக்கித் தருகின்றன. பிரேக்குக்குப் பாதி வேலை மிச்சம்.

நியூட்ரலில் விட்டால் இந்த உதவி முழுவதையும் நாமே அறுத்துவிடுகிறோம். எரிபொருள் மிச்சம் என்று நினைத்து இப்படிச் செய்பவர்கள், சில ரூபாய்க்காக வண்டியிலுள்ள அத்தனை பேரின் உயிரையும் பிரேக் ஒன்றை மட்டும் நம்பி ஒப்படைக்கிறார்கள். எந்தக் கியரில் ஏற வேண்டியிருந்ததோ அந்தக் கியரிலேயே இறங்குங்கள். இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துக்கொள்ளுங்கள். வேகம் எடுத்த பிறகு குறைக்க முயன்றால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ள நேரிடும்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் பெல்ட்டும் புல்லியும் தாமே விகிதத்தை மாற்றிக்கொள்கின்றன. வேகம் குறைந்ததும் அதன் கிளட்ச் தானாக விடுபட்டுவிடுவதால் இன்ஜினின் தடை கிடைக்காது. ஆகவே மலையில் ஸ்கூட்டர் ஓட்டுபவர்கள் மெதுவாக வந்து, இரண்டு பிரேக்கையும் விட்டுவிட்டுப் பிடித்து, நடுவே வண்டியை நிறுத்திப் பிரேக்கை ஆறவிட்டு இறங்க வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. முன்னால் 48 பற்கள், பின்னால் 16 பற்கள், சுற்றளவு 2.2 மீட்டர். ஒரு மிதிச் சுற்றுக்கு எவ்வளவு தூரம்? நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு எவ்வளவு வேகம்?

2. முன்னால் 44 பற்கள். பின்னால் 18-க்குப் பதில் 20 பற்கள் போட்டால், அதே 2.2 மீட்டர் சக்கரத்தில் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று கூடுதலாக மிதிக்க வேண்டும்?

3. மேலே சொன்ன மோட்டார் சைக்கிளில் முன் ஸ்பிராக்கெட்டை 14-லிருந்து 13 ஆக்கினால், மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்துக்கு நான்காம் கியரில் இன்ஜின் எத்தனை சுற்று ஓடும்?

விடைகள்: 1) 6.6 மீட்டர், மணிக்குச் சுமார் 23.8 கிலோமீட்டர். 2) சுமார் 186 சுற்று 207 ஆகும், 21 கூடுதல். 3) சுமார் 4,520.

விடை சரியாக வந்த பிள்ளைகள் அடுத்ததாகத் தங்கள் வீட்டுச் சைக்கிளின் பற்களை எண்ணி, அது ஒரு சுற்றுக்கு எத்தனை மீட்டர் போகிறது என்று கணக்கிட்டு, பிறகு டேப்பால் அளந்தும் சரிபார்க்கட்டும். இரண்டும் ஒத்துவந்தால் பிள்ளைகள் கணக்கை முழுவதும் புரிந்துகொண்டார்கள் என்று பொருள்.